தவணை நாளுக்கு மூன்று நாள் முன்னே

மகளிர் சுய உதவிக் குழுவில் ‘ஊக்குநர்’ என்று தாளில் எழுதுகிறோம். ஊரில் ‘லீடரக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு மேசை கிடையாது, நாற்காலி கிடையாது, யாரையும் வேலையை விட்டு நிறுத்துகிற அதிகாரமும் கிடையாது. ஆனாலும் பன்னிரண்டிலிருந்து இருபது குடும்பங்களின் சேமிப்பும் கடனும் அவள் வாய்ச்சொல்லை நம்பி ஓடுகின்றன. தலைமைக்கு ஒத்துணர்வு ஏன் வேண்டும், அது எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்று தெரிந்துகொள்ள, நெல்லைச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம், பெண்கள் பீடி சுற்றிப் பிழைக்கிற ஏதாவது ஒரு பீடி ஊரில் குழுக் கூட்டம் நடக்கும் பாயில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

ஒத்துணர்வு என்பது எழுத்தில் இருக்கிற சொல். நம்ம பக்கத்துப் பேச்சில் ‘அடுத்தவ பாடு தெரிஞ்சவ’ என்பார்கள். பாடு என்றால் உழைப்பு, வருத்தம், நிலைமை எல்லாம் சேர்ந்ததுதான். இரக்கம் இதிலிருந்து வேறு. இரக்கப்படுகிறவள், தவணை தவறிய பிறகு விட்டுக்கொடுக்கிறாள். பாடு தெரிந்தவள் தவணை நாளுக்கு மூன்று நாள் முன்னே போய்க் கேட்டுவிடுகிறாள். நான் சொல்ல வந்தது முழுக்க அந்த மூன்று நாளைப் பற்றித்தான்.

ஏன் மூன்று நாள்? கூட்டத்தில் வைத்துக் கேட்டால் ஒரு பெண்ணுக்கு இரண்டே வழி. காசை எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பதினான்கு பேர் முன்னால் தலைகுனிந்து இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பயந்து அவள் தேடிக்கொள்கிற வழி ஒன்று உண்டு. முந்தின நாள் ராத்திரி யாரிடமாவது பத்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு, வாங்கி வந்து வைத்துவிடுவாள். பேரேடு சுத்தமாக இருக்கும், லீடருக்கும் நிம்மதி. ஆறு மாதம் கழித்து அவள் குழுவை விட்டே நின்றுவிடும்போதுதான் உள்ளே என்ன நடந்தது என்று தெரியவரும். மூன்று நாள் கையில் இருந்தால் அவளோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம், அவசர நிதி இருக்கிறதா என்று பார்க்கலாம், கூட்டத்தில் என்ன தீர்மானம் எழுதுவது என்று யோசிக்கலாம். பத்து நாள் முன்னே கேட்டுப் பயனில்லை. அந்த வாரக் கூலி எவ்வளவு வரும் என்று அவளுக்கே அப்போது தெரியாது. “பாத்துக்கிடலாம் அக்கா” என்றுதான் பதில் வரும்.

எங்கே வைத்துக் கேட்பது என்பதும் முக்கியம். தண்ணீர்க் குழாயடியில் கூடாது, இலை தந்து பீடி வாங்கிக்கொள்கிற பீடிக்கடை வாசலில் கூடவே கூடாது. அவள் வீட்டுத் திண்ணையில் கேளுங்கள். மடியில் சுளகு இருக்கும்; சுளகில் நறுக்கிய இலை, புகையிலைத் தூள், நூல். எதிரே நின்றுகொண்டு கேட்டால் கடன் வசூலிக்க வந்தவள் மாதிரி ஆகிவிடும். பக்கத்தில், அவள் பார்க்கிற பக்கத்தையே பார்த்து உட்காருங்கள். முகத்துக்கு நேரே பார்க்காதபோதுதான் சில விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல முடியும். அவள் கை நிற்காது. அது நல்லது. வேலையை நிறுத்திவிட்டுப் பேச வேண்டுமென்றால் அவளுக்கு உங்கள் வருகையே ஒரு நஷ்டம்.

முதல் கேள்வி பணத்தைப் பற்றி இருக்கக் கூடாது. பீடி ஊரில் அந்த முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“மயினி, இந்த வாரம் இலை எப்படி?”

“எங்க மயினி, ஒரே ஓட்டையும் பொத்தலுமா கெடக்கு. ஆயிரத்துக்குத் தந்த இலைல எழுநூறு தேறுனா பெரிசு.”

“மிச்சத்துக்கு என்ன செய்தீய?”

“வெலைக்குத்தான் வாங்குனேன்.”

நாலு வரிதான். ஆனால் கேட்கத் தெரிந்தவளுக்கு அந்த வாரக் கூலி முழுவதும் இதில் வந்துவிட்டது. பீடி இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருவது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கடையில் எடைபோட்டுத் தருவார்கள். அதை ராத்திரி நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, காலையில் அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். இலை மோசமாக இருந்தால் வெட்டும்போதே பாதி வீணாகும். குறைகிற இலையை அவள் கைக்காசில் வாங்கி எண்ணிக்கையை நிறைக்கிறாள். சுற்றிக் கொண்டுபோன பீடியிலும் சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். ஆக, அதே பத்து மணி நேரம் உழைத்தும் கூலி குறைகிறது. இதைத் தெரியாத லீடர், “தினமும் ஆயிரம் சுத்துதா, ரூவா மட்டும் இல்லங்கா” என்று நினைப்பாள். ஒத்துணர்வுக்கு நல்ல மனசு இருந்தால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் எண்ணுகிறார்கள். மனசோடு தொழில் அறிவும் வேண்டும். இலை எப்படிக் கெடும் என்று தெரியாதவளுக்கு அந்தப் பெண் சொல்வது சாக்காகத்தான் கேட்கும்.

பனைத் தொழில் உள்ள திசையன்விளை, உவரிப் பக்கம் இதே கேள்வி “பதநீ எப்படி இறங்குது?” என்று மாறும். வயல்காட்டு ஊர்களில் “நடவு எத்தனை நாளைக்கு இருக்கு?” என்று மாறும். பத்தமடையில் பாய் நெய்கிறவளிடம் கோரையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

கேட்ட பிறகு சும்மா இருக்க வேண்டும். இதுதான் பெரும்பாலான லீடர்களுக்கு முடியாத காரியம். பத்து மணி நேரத்தில் ஆயிரம் பீடி என்றால் ஒரு பீடிக்கு 36 வினாடி. கேள்வி கேட்டுவிட்டு மூன்று பீடி சுற்றுகிற நேரம் வாயைத் திறக்காமல் இருங்கள். ரொம்ப நீளமாகத் தோன்றும். ஆனால் முதல் பீடியில் அவள் யோசிப்பாள், இரண்டாவதில் சொல்லலாமா என்று பார்ப்பாள், மூன்றாவதில்தான் உள்ளது வெளியே வரும். முதல் பீடி முடியுமுன்னே நீங்கள் “எனக்கும் இப்படித்தான், போன வருசம்…” என்று ஆரம்பித்தால் பேச்சு உங்கள் கதைக்குப் போய்விடும். “இதெல்லாம் ஒரு கஷ்டமா” என்றால் கதவு அடைந்துவிடும். “ஒன் மாப்பிள என்ன செய்தாரு?” என்பது அதைவிட மோசம். புருஷனைப் பற்றி அவளாக எடுக்கிறவரை நீங்கள் எடுக்க வேண்டாம். மாமியாரிடமோ வீட்டுக்காரரிடமோ போய் அவள் தவணையைப் பற்றிக் கேட்பது எந்த நிலையிலும் கூடாது. கடன் வாங்கியது வீட்டில் தெரியாமல்கூட இருக்கலாம். அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது.

தவணை தட்டுகிற காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் மூன்றுதான். காசு இன்னும் வரவில்லை. காசு வந்தது, வேறு பக்கம் போய்விட்டது. காசு இருக்கிறது, கட்ட மனசில்லை. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுக்கிற லீடர் மூன்றையும் கெடுப்பாள்.

முதலாவது எளிது. நூறு நாள் வேலைக் கூலி வங்கிக்கு வர இழுக்கும், கடையில் கணக்கு முடிக்கத் தாமதமாகும். தேதியைத் தள்ளிவைத்தால் தீர்ந்தது.

இரண்டாவதில் காசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும், டாஸ்மாக்குக்குப் போயிருக்கும், தனியார் வாரக் கடனுக்குப் போயிருக்கும். இதற்கு அவகாசம் கொடுப்பது உதவாது, அடுத்த மாதமும் அதே பள்ளத்தில்தான் விழும். தொகையைச் சின்னதாக உடைக்க வேண்டும். மாதம் 1,000 என்பதை வாரம் 250 ஆக்கி, கூலி வாங்கின அன்று சாயந்தரமே வாங்கிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கினால் அந்தக் காசு தங்காது என்று அவளே சொல்வாள். மாதக் கூட்டத்தையும் சம்பள நாளுக்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளும் குழுக்களில் பாதித் தகராறு வருவதே இல்லை. ஒத்துணர்வுள்ள தலைமை என்பது பல நேரம் கிழமையைச் சரியாகப் பார்த்து வைக்கிறதுதான்.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கட்ட மனசில்லை என்றால் ஏமாற்றுக்காரி என்று முடிவு கட்டிவிடுகிறோம். நம்ம பெண்கள் குழுக் காசை ஏமாற்ற நினைப்பது அபூர்வம். பெரும்பாலும் அதற்குள் ஒரு கோபம் இருக்கும். ஆறு மாதம் முன்னே அவள் கடன் கேட்டபோது ‘அடுத்த மாசம்’ என்று சொல்லி லீடரின் கொழுந்தியாளுக்குக் கொடுத்திருப்பார்கள். அவள் பாஸ் புத்தகத்தில் ஒரு மாதச் சேமிப்பு வரவு வைக்காமல் விட்டிருக்கும். கேட்டதற்கு “நீ கெட்டியிருக்க மாட்ட” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவள் காசை நிறுத்திக் காட்டுவது அந்தக் கோபத்தை. இதற்கு ஆறுதல் பேச்சு ஆகாது. பேரேட்டையும் அவள் பாஸ் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, மாதம் மாதமாக விரலை வைத்துச் சரிபாருங்கள். தவறு உங்கள் பக்கம் என்றால் அடுத்த கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், “இந்த வரவு விட்டுப்போனது என் தப்பு” என்று சொல்லுங்கள். தப்பு நடந்தது எல்லோர் முன்னாலும், திருத்துவதும் அங்கேதான். தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டு, கூட்டத்தில் ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்தால் அவள் மறுபடி காசு கட்டுவாள், ஆனால் பழையபடி பேச மாட்டாள்.

இனி கணக்கு. ஒத்துணர்வுக்கு ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்று தெரியாமல் கொடுப்பவளும் வாங்குபவளும் பின்னால் மனம் கசந்துபோவார்கள்.

குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கிற உள்கடன் 10,000 ரூபாய், பத்துத் தவணை, மாதம் 1,000 அசல், நிலுவையில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி 100, அடுத்தது 90, அப்படியே குறைந்து கடைசி மாதம் 10. மொத்த வட்டி 550 ரூபாய். மூன்று தவணை கட்டியாயிற்று, நிலுவை 7,000. நாலாம் மாதமும் ஐந்தாம் மாதமும் அவளால் அசல் கட்ட முடியாது, வட்டி மட்டும் கட்டட்டும் என்று குழு ஒப்புக்கொள்கிறது. அந்த இரண்டு மாதமும் வட்டி 70, 70. ஆறாம் மாதத்திலிருந்து பழையபடி அசல் 1,000. கடன் பன்னிரண்டாம் மாதம் முடியும். மொத்த வட்டி 690. இரண்டு மாத அவகாசத்தின் விலை 140 ரூபாய். இதே 2,000 ரூபாயை அவள் வெளியே பத்து வட்டிக்கு வாங்கி உங்கள் பாயில் வைத்திருந்தால் ஒரு மாத வட்டியே 200. இந்த இரண்டு எண்ணையும் அவளிடம் வாயால் சொல்லாமல், ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அவகாசம் வாங்குவது பிச்சை அல்ல, விலை கொடுத்து வாங்குகிற ஒன்று என்று தெரிந்தால் அவள் நிமிர்ந்து கேட்பாள். மற்றவர்களுக்கும் தங்கள் சேமிப்பை யாரோ தின்றுவிட்டார்கள் என்ற எண்ணம் வராது.

கூட்டத்தில் இதை எப்படி எழுதுவது? தீர்மானப் புத்தகத்தில் இப்படி: “உறுப்பினர் எண் 9 பெற்ற உள்கடன் ரூ.10,000-இல் இன்றைய நிலுவை ரூ.7,000. இந்த மாதமும் அடுத்த மாதமும் வட்டி மட்டும் பெறுவது என்றும், அதற்கடுத்த மாதம் முதல் அசல் ரூ.1,000 வீதம் பெறுவது என்றும் முடிவு செய்யப்பட்டது.” அவ்வளவுதான். கீழே எல்லோர் கையெழுத்தும். காரணம் எழுத வேண்டாம். தொகை எல்லோருக்கும் தெரிய வேண்டும், காரணம் அவள் விரும்பினால் மட்டும் தெரியட்டும். குழுக் காசில் ரகசியம் இருக்கக் கூடாது. ஆனால் அவள் கர்ப்பப்பை ஆபரேஷனோ, மகன் ஊரை விட்டுப் போனதோ குழுக் காசு இல்லை. எவராவது “எதுக்காம்?” என்று கேட்டால், லீடர் சொல்ல வேண்டிய பதில், “காரணம் கேட்டுப் பாத்தாச்சு, சரியாத்தான் இருக்கு” என்பதுதான். இந்த ஒரு வாக்கியத்தைக் கூட்டம் நம்ப வேண்டுமானால் லீடர் இதற்கு முன்னே ஒருதரம்கூடப் பொய் சொல்லியிருக்கக் கூடாது.

தீர்மானம் எழுதுவதற்கு இன்னொரு பயன் உண்டு. ஆறு மாதம் கழித்து வங்கி இணைப்புக்காக, அதாவது குழுவுக்கு வங்கிக் கடன் கிடைப்பதற்காக, தர மதிப்பீடு செய்யும்போது வருகை, சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம் இவைகளைத்தான் பார்ப்பார்கள். தீர்மானம் இல்லாமல் விட்ட இரண்டு மாதம் அங்கே தவறிய தவணையாக நிற்கும். தீர்மானத்தோடு விட்டது, குழு தெரிந்து எடுத்த முடிவாக நிற்கும்.

நல்ல மனசுள்ள லீடர்கள்தான் அதிகம் விழுகிற குழிகள் சில இருக்கின்றன. முதல் குழி, தன் கைக்காசைப் போட்டுக் கட்டிவிடுவது. அந்த நிமிடம் பெரிய உதவியாகத்தான் தோன்றும். ஆனால் குழுக் கடன் அப்போதே இரண்டு பேருக்கு இடையிலான கைமாற்றாகிவிடுகிறது. அதன்பிறகு அந்தப் பெண் கூட்டத்தில் லீடருக்கு எதிராகப் பேச மாட்டாள். யாருக்குக் கடன் கொடுப்பது என்று வரும்போது லீடர் சொல்வதற்குத் தலையாட்டுவாள். இப்படி மூன்று பேர் ஆகிவிட்டால் குழுவில் ஓட்டு என்பதே இல்லை. லீடருக்கும் ஒரு நாள் ஆத்திரம் வரும், “நான் அவளுக்கு எவ்வளவு செஞ்சேன்” என்று தெருவில் சொல்லுவாள். அதோடு எல்லாம் போயிற்று.

அடுத்த குழி, கட்டாததைக் கட்டியதாக எழுதுவது. “அடுத்த மாசம் சேத்து வாங்கிக்கிடலாம், எதுக்குப் பேரக் கெடுக்கணும்” என்றுதான் ஆரம்பிக்கும். ரொக்கப் புத்தகத்துக்கும் கையிருப்புக்கும் 1,000 ரூபாய் இடிக்கும். அதை மறைக்க இன்னொரு வரவைத் தள்ளி எழுதுவாள். இரண்டு மாதத்தில் அவளுக்கே எது உண்மை என்று தெரியாமல் போகும். இரக்கத்தில் எழுதின பொய்யும் கணக்கில் பொய்தான்.

மூன்றாவதை யாருக்கும் வெளியே சொல்லப் பிடிக்காது. நம் பரிவு நம் தெருவோடு நின்றுவிடும். சொந்தக்காரி சொன்னால் கஷ்டமாகத் தெரிவது, தெற்குத் தெருக்காரி சொன்னால் சாக்காகத் தெரியும். இதற்கு ஒரே மருந்து எழுதி வைப்பது. ஒரு சின்ன நோட்டில், யாருக்கு, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்கு, என்ன அவகாசம் கொடுத்தோம், யாருக்கு மறுத்தோம் என்று குறித்துவையுங்கள். வருஷம் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். ஏழு அவகாசத்தில் ஆறு ஒரே தெருவுக்குப் போயிருந்தால், அதைப் பார்த்த பிறகு உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அவகாசம் கேட்கும் தேவையே குறைய வேண்டுமானால், கடன் கொடுக்கிறபோதே ஊர் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஒரு சார்ட் அட்டையில் பன்னிரண்டு தமிழ் மாதத்தையும் எழுதி, மேலே காசு வருகிற மாதங்களையும் கீழே காசு போகிற மாதங்களையும் உறுப்பினர்களையே சொல்லச் சொல்லிக் குறியுங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் முதல் நெல் பருவமான கார் சாகுபடிக்கு ஆனி வாக்கில் நடவுக் கூலி வரும், அடுத்த பருவமான பிசானத்துக்கு ஐப்பசியில் வரும், மாசி பங்குனியில் அறுப்பு. பனை நிற்கிற செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் பங்குனி முதல் ஆடி வரை கருப்பட்டிக் காசு; அது கழிந்தால் பல வீட்டில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் அடுப்பு எரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள் ஈரம் ஏறித் தூள் நமத்துப் பீடி சரியாக வராது. கீழ்ப் பக்கம் பார்த்தால் ஜூனில் பள்ளிக்கூடச் செலவு, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி. கொடை ஊருக்கு ஊர் மாதம் மாறும். வரியோடு போகாது, கட்டிக்கொடுத்த பிள்ளைகள் வருவார்கள், கறி எடுக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும். மேலப்பாளையம் என்றால் ரம்ஜான், பாளையங்கோட்டை என்றால் கிறிஸ்துமஸ். கொடை மாதத்தில் எல்லோருக்கும் ‘வட்டி மட்டும்’ என்று முதலிலேயே ஒப்பந்தம் எழுதிவிட்டால் யாரும் யாரிடமும் தலைகுனிந்து அவகாசம் கேட்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து இதைவிடக் கண்ணியமான ஏற்பாடு ஒன்றில்லை.

அவசர நிதியும் அப்படித்தான். பதினைந்து பேர், மாதம் ஆளுக்கு 20 ரூபாய் என்றால் 300. வருஷத்துக்கு 3,600. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போகிறவளுக்குப் பஸ்ஸுக்கும் கூட இருக்கிறவர் சாப்பாட்டுக்கும் உடனே 1,000 ரூபாய், வட்டியில்லாமல், தீர்மானத்துக்குக் காத்திராமல் கொடுக்கலாம். கொடுத்ததை அடுத்த கூட்டத்தில் சொன்னால் போதும். லீடர் தன் கைக்காசைப் போடுகிற ஆசை வருவது இந்த நிதி இல்லாத குழுக்களில்தான்.

‘இல்லை’ என்று சொல்வதும் பாடு தெரிந்தவள் செய்கிற வேலைதான். இன்று ஒரே பெண் நம் குழுவில் ஒன்று, தனியார் வாரக் கடனில் இரண்டு, கைமாற்று ஒன்று என்று வைத்திருப்பது சாதாரணம். புதுக் கடன் கேட்கும்போது, அவள் சம்மதித்தால், எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம் யாருக்கு, நடுவில் வாரத் தவணை, வலது பக்கம் எத்தனை வாரம் பாக்கி. கடைசியில் வாரத் தவணைகளைக் கூட்டி, வாரக் கூலிக்குப் பக்கத்தில் வையுங்கள். கூலியில் பாதிக்கு மேல் தவணைக்கே போகிறதென்றால் இன்னொரு கடன் கொடுப்பது அவளுக்குச் செய்கிற உதவி இல்லை. அந்த இடத்தில் “குழு ஒத்துக்கிடல” என்று பழியைக் கூட்டத்தின்மேல் போடாதீர்கள். “நான்தான் வேண்டாங்கேன், இந்தா பாரு, இதனாலதான்” என்று தாளைக் காட்டிச் சொல்லுங்கள். அவள் அழலாம், கோபப்படலாம். உட்கார்ந்திருங்கள். எந்தக் கடனை முதலில் முடித்தால் வாரம் எவ்வளவு மிஞ்சும் என்று அதே தாளில் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் தீக்குளித்தது. பச்சைப் பிள்ளைகளும் சேர்ந்து போயின. இந்த மாவட்டத்தில் குழு நடத்துகிற எவரும் அதை மறந்துவிட்டுத் தவணைப் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. கடன்பட்ட வீட்டில் பேச்சு நின்றுபோவதுதான் முதல் அறிகுறி. கூட்டத்துக்கு வருகிறாள், காசை வைக்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல் போகிறாள் என்றால், தவணை சரியாக வந்தாலும் அவள் வீட்டுத் திண்ணைக்குத்தான் நீங்கள் முதலில் போக வேண்டும். குழு சின்னதாக இருப்பதால்தான் அப்படி வீடு வீடாகப் போக முடிகிறது. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் இந்தக் குழுக்கள் தொடங்கின, 1992-இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு இந்த வங்கி இணைப்பைத் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை இருபது பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்ப்பதில்லை. இருபது திண்ணையில் உட்கார ஒரு மனுஷியால் முடியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களை வெள்ளத்தில் ஆழ்த்திய மழை மாதிரி ஒன்று வந்தால் முறை மாறும். முதல் வாரம் பணப் பேச்சே வேண்டாம். யார் வீட்டில் தண்ணீர் ஏறியது, ஆதார், ரேஷன் அட்டை, பாஸ் புத்தகம் யாருக்குப் போயிற்று, கடையில் வாங்கிவந்த இலையும் தூளும் யாருக்கு நனைந்தது என்று மட்டும் வீடு வீடாகக் குறியுங்கள். நனைந்த சரக்குக்கும் கடையில் கணக்குச் சொல்ல வேண்டியவள் அவள் என்பதை மறக்காதீர்கள். பிறகு கூடுகிற கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இரண்டு மாதம் விடுப்பு என்று முடிவெடுக்கத் தோன்றும். அது தவறு. பாதிக்கப்படாதவர்கள் கட்டினால்தான் பாதிக்கப்பட்டவளுக்குக் கொடுக்கக் குழுவில் காசு இருக்கும். வங்கிக் கடன் இருந்தால் தவணை தவறுவதற்கு முன்பே கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுங்கள். பேரிடரில் கடனை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் உண்டு. கேட்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். கணக்குப் புத்தகங்களை எப்போதும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள், பீரோவின் அடித்தட்டில் வேண்டாம்.

கடைசியாக, லீடரைப் பற்றியும். பதினைந்து வீட்டுப் பாட்டையும் சுமப்பவளுக்கும் வீடு இருக்கிறது, அவளும் பீடி சுற்றுகிறாள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒருவரே இருந்தால் காது மரத்துப்போகும், கேட்பதற்கு முன்னே பதில் சொல்லத் தோன்றும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவது நல்லது. மாற்றும்போது தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு, வங்கிப் பாஸ் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், பெட்டிச் சாவி எல்லாவற்றையும் கூட்டத்தின் முன்னால் எண்ணி ஒப்படையுங்கள். அந்தச் சின்ன நோட்டை மட்டும் கொடுக்காதீர்கள். அதிலிருந்து பெயர், தேதி, தொகை, எப்போது வரை அவகாசம் என்பதை மட்டும் புது லீடருக்கு ஒரு தாளில் எடுத்தெழுதிக் கொடுங்கள். காரணங்கள் உங்களை நம்பிச் சொன்னவை. நோட்டை அன்றைக்குச் சாயந்தரமே அடுப்பில் போட்டுவிடுங்கள்.